எங்கள் புளியமரத்துக் கருடன்

என் அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். நல்ல மனுஷன்தான். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார், உதவி கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். ஆனால் நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாமல் அவரால் வீடு திரும்ப முடியாது. போன மாசியில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கும்பாபிஷேகம் நடந்தபோது, அப்படி விட்ட ஒரு வார்த்தையைக் காப்பாற்றப் போய்த்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பெயர் வீரமணி. இப்போது ஊரில் 'கருடன் வீரமணி' என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கொட்டாய் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. கொட்டாய் என்றதும் ஓலைக் கொட்டகை என்று நினைக்க வேண்டாம். ஊருக்குள் இல்லாமல் சொந்த வெள்ளாமைக் காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருந்தால் எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கொட்டாய். தளம் போட்ட வீடு, போர்வெல், மாடு, கோழி எல்லாம் உண்டு. வாசலுக்கு எதிரே ஒரு பெரிய புளியமரம். அதன் உச்சியில் வருஷா வருஷம் ஒரு ஜோடிச் செம்பருந்து கூடு கட்டும். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். கருடன் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பறவை இதுதான்.

கன்னத்தில் போட்டுக்கொள்வதெல்லாம் அது மேலே பறக்கிற வரைக்கும்தான். கீழே இறங்கிக் கோழிக்குஞ்சைத் தூக்கிவிட்டால் அடுத்த நிமிஷமே அது 'நாசமாப் போன பருந்து'. எங்கள் ஊர் பக்தி அவ்வளவுதான்.

என் அம்மா மாதம்மாள் மட்டும் அந்தப் பறவையை மேலே பறந்தாலும் கும்பிட மாட்டாள், கீழே வந்தாலும் சபிக்க மாட்டாள். சண்டை போடுவாள். நாட்டுக்கோழி அவளுக்குக் கைராசி. குஞ்சு பொரித்ததும் எல்லாவற்றுக்கும் ரோஸ் சாயம் பூசிவிடுவாள். சாயம் பூசிய குஞ்சைப் பருந்து தீனியென்று நினைக்காதாம். எங்கள் பக்கம் எல்லாரும் நம்புகிறார்கள், பருந்து மட்டும் நம்புவதில்லை. ரோஸ் குஞ்சு ஒன்று மேலே போகும். அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடுவாள்.

"ஏண்டி வாயாடி, ஏரி நெறைய மீனு கெடக்குது. எங்க வூட்டுக் குஞ்சுதான் உனக்கு இனிக்குதா? அடுத்த வருஷம் வேற மரம் பாத்துக்க, சொல்லிட்டேன்."

வாயாடி என்பது பெண் பறவைக்கு அவள் வைத்த பெயர். அது சதா கத்திக்கொண்டே இருக்கும். ஆணுக்கு ஊமையன் என்று பெயர். மீனையோ தண்ணீர்ப் பாம்பையோ கொண்டுவந்து கூட்டில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவான். அடுத்த வருஷமும் அவை அதே மரத்துக்குத்தான் வரும், அம்மாவும் கார்த்திகை பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வர நாலு நாள் பிந்தினால் அவளுக்குச் சோறு இறங்காது.

மாசியில் புளி உலுக்குவார்கள். ஆண்டி என்று ஒருவர், மரமேறுவதில் குரங்கு தோற்றுவிடும், அவர்தான் எங்கள் மரத்தில் ஏறி உலுக்குவார். ஆனால் கூடு இருக்கிற கிளையைத் தொடக் கூடாது. குஞ்சு பறந்துபோகும்வரை அந்தக் கிளைப் புளி மரத்திலேயே தொங்கும், அதில் பாதி புழுத்துப்போகும். இது அம்மா போட்ட சட்டம். சர்க்கார் சட்டமும் ஒன்று இருக்கிறதென்று வனக்காவலர் இளம்பரிதி வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். "இது பாதுகாக்கப்பட்ட பறவைங்க. கூட்டுல யாராச்சும் கை வெச்சா கேஸ் ஆயிடும்" என்றார். அப்பா சிரித்தார். "எங்க கருடனுக்கு நாங்களே காவலுங்க சார்" என்றார். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. கலசத்தில் தீர்த்தம் ஊற்றுகிற நேரத்துக்கு வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும். வட்டமிட்டால் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். வராவிட்டால் நடத்தியவர் தலை உருளும். போன முறை நடத்தியவர் சென்னப்பன் பெரியப்பா, அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன். அன்றைக்குக் கருடன் வரவில்லை. ஒரு காக்கை வந்து கலசத்தின் மேல் உட்கார்ந்தது. அதற்கப்புறம் மழை பொய்த்தது, ஏரி காய்ந்தது. எல்லாம் பெரியப்பா தலையில் விழுந்தது.

விழுந்ததை இறக்கி வைக்க விடாதவர் என் அப்பா. டீக்கடை, கல்யாண வீடு, எழவு வீடு, எங்கே பெரியப்பாவைப் பார்த்தாலும் "காக்கா கும்பாபிஷேகம்" என்று ஆரம்பித்துவிடுவார். பெரியப்பா சிரிக்கிறாற்போல வாயைத் திறப்பார். அந்தச் சிரிப்பில் சத்தம் வராது. வேண்டாமென்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள். "தமாசுக்குத்தான புள்ள" என்பார்.

இந்த முறை ஊர் கூடி அப்பாவைத் தலைவராக்கியது. கூட்டம் முடிகிற நேரத்தில் பெரியப்பா எழுந்தார்.

"எல்லாஞ் செரி வீரமணி. கருடன் வருமா?"

ஒரு சின்னச் சிரிப்போடு விட்டிருக்கலாம். பெருமாள் விட்ட வழி என்றிருக்கலாம். அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க புளியமரத்துலயே குடியிருக்குதுண்ணா. அது வராம எங்க போவும்? வரலன்னா நான் இனிமே இந்தக் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன். ஊருக்குள்ள எனக்கு ஒரு மரியாதையும் வேணாம்."

கூட்டம் கைதட்டியது. தட்டிய ஒவ்வொருவரும் அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

நான் பாப்பாரப்பட்டியில் வாக்கப்பட்டவள். கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்தபோதே அப்பா முகம் சரியில்லை. கோயிலில் மைக் செட் கட்டி, நாட்டு வெடி போட்டுப் பார்த்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பறவைகள் கோயில் பக்கமே போகவில்லை. கோயில் ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிறது. வாயாடியும் ஊமையனும் இந்தக் கரையோடு திரும்பிவிடுகின்றன. கூட்டில் குஞ்சு வேறு. பழுப்புச் சிறகு முளைத்து, பறக்க மட்டும் தெரியாத பருவம். அதை விட்டுத் தாய் எங்கே போகும்?

அப்பா விட்டபாடில்லை. கோழிக்குடலும் மீனும் வாங்கிக்கொண்டு போய்க் கோயில் மதிலில் வைத்தார். காக்கை வந்தது. மறுபடி வைத்தார். அதே காக்கை, கூடவே அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்தது. பெரியப்பா அந்தப் பக்கமாக வந்தவர், மதிலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நடையைக் கட்டினார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒருத்தரைக் கேலி பேசியவருக்கு, அது தன் பக்கம் திரும்பினால் எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி நான் சொல்லப் போவது அப்போது எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது. ஆண்டி பிற்பாடு சொன்னது. ஆனால் ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்ல எனக்கு மனசில்லை.

கும்பாபிஷேகத்தன்று விடிந்ததும் அம்மாவும் நானும் பால்குடத்தோடு கோயிலுக்குப் போய்விட்டோம். நாங்கள் கரை தாண்டியதும் அப்பா ஆண்டியைக் கூப்பிட்டு மரத்தில் ஏறச் சொன்னார்.

"குஞ்ச எடுத்துக்கிட்டு வா ஆண்டி. அதக் கோயில் விமானத்துக்குப் பின்னால சாரத்துல வெச்சிட்டா தாயி தானா வந்து சுத்தும். கும்பாபிஷேகம் முடிஞ்சதும் திரும்பவும் கூட்டுலயே வெச்சிரலாம்."

"வேணாம்ணா. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைய வூட்டு வாசல்ல நிக்க வெக்காது."

"ஒரு காலப் பொழுதுதான். அதுக்கு ஒண்ணும் ஆவாது. எம் மானம் உங்கையிலதான்டா இருக்குது."

மானம் என்று சொன்ன பிறகு ஆண்டி என்ன செய்வார்? ஏறினார். வாயாடி அவர் தலையைக் கீறியது. குஞ்சை மூங்கில் கூடையில் வைத்து, ஈரத்துண்டால் மூடிக்கொண்டு போனார். மூடியதும் குஞ்சு சத்தம் போடாமல் அடங்கிவிட்டது. தாய் சற்றுத் தூரம் கூடவே வந்து, குஞ்சைக் காணாமல் மரத்துக்கே திரும்பிப் போய்க் கத்தியது.

கோயிலில் எள் போட்டால் விழாத கூட்டம். பட்டர்கள் குடங்களைத் தலையில் வைத்துக்கொண்டு படி வைத்துக் கட்டிய சாரம் வழியாக மேலே ஏறினார்கள். விமானத்துக்குப் பின்பக்கம், வர்ணம் பூசுவதற்குக் கட்டிய சவுக்குமரச் சாரம் பிரிக்காமல் நின்றது. பச்சை வலை போர்த்தியிருந்ததால் கீழே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டி அங்கே கூடையைக் கட்டி, மந்திரம் தொடங்கியதும் துண்டை எடுத்துவிட்டு இறங்கிவிட்டார். வெயில் பட்டதும் குஞ்சு கத்தத் தொடங்கியது. நாதஸ்வரத்திலும் மைக்கிலும் அந்தச் சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது.

ஏரிக்கு மேலே சிவப்பாக ஒரு பறவை வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"கருடன்! கருடன்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். ஆயிரம் கை மேலே போனது. கோவிந்தா, கோவிந்தா என்று ஊரே அலறியது. வாயாடி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இறங்குவாள், எழும்புவாள், மறுபடி சுற்றுவாள். ஒரு பாட்டி தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அப்பா மேடையில் கைகூப்பி நின்றார், கன்னமெல்லாம் கண்ணீர். பக்கத்தில் பெரியப்பாவும் கைகூப்பியிருந்தார்.

அம்மா மட்டும் கும்பிடவில்லை. கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எழிலு, அது நம்ம வாயாடிதான். ஏன் இப்புடிக் கத்தறா?"

"சாமி சுத்துதும்மா, கும்புடு."

"சாமியுமில்ல ஒண்ணுமில்ல. குஞ்ச யாராச்சும் தொட்டாத்தான் அவ இப்புடிக் கத்துவா. மரத்துல பாம்பு கீம்பு ஏறிக்கிச்சோ என்னமோ."

அதற்குள் ட்ரோன் கிளம்பியது. இப்போதெல்லாம் கூட்டத்தின் மேல் தீர்த்தம் தெளிக்க ட்ரோன் வைக்கிறார்கள். முந்தின வாரம்வரை மரவள்ளிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த ட்ரோன் அது. டேங்கைக் கழுவிவிட்டு ஒகேனக்கல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அது உறுமிக்கொண்டு எழும்பி விமானத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. குஞ்சு இருந்த பக்கம்.

ட்ரோனை ஓட்டிய தம்பி மேல் தப்பில்லை. அங்கே ஒரு குஞ்சு இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? வாயாடிக்குத் தெரிந்ததெல்லாம், பெரிதாக ஏதோ ஒன்று தன் குஞ்சை நோக்கிப் போகிறது என்பதுதான். அவள் உயரே போனாள். சிறகை ஒடுக்கிக்கொண்டு ட்ரோன் மேல் நேராக விழுந்தாள். ட்ரோன் ஆட்டம் கண்டு சரிந்து, எப்படியோ நிமிர்ந்துகொண்டது. வாயாடி நிமிரவில்லை. கொடிமரத்துக்குப் பக்கத்தில், பூ தூவி வைத்திருந்த தரையில் வந்து விழுந்தாள். ஒரு சிறகு அடியோடு வெட்டுப்பட்டிருந்தது.

நாதஸ்வரம் நின்றது. அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். அம்மா அதன் தலையைத் தூக்கிப் பார்த்து, மெதுவாகத் திரும்பத் தரையில் வைத்தாள்.

அப்போது சென்னப்பன் பெரியப்பா மைக்கை வாங்கினார். "பெருமாள்கிட்டயே போயிருச்சு! வாகனம் வந்து எசமான் காலடியில உசுர வுட்டுருக்குது! எந்த ஊருல நடந்துருக்குது இது?" என்றார். அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே நம்பினார். அதுதான் இதில் கொடுமை. ஊரும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? நல்ல நாளில், நல்ல நேரத்தில், கண்ணெதிரே ரத்தம். அதை அபசகுனம் என்று எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் தைரியமில்லை. அற்புதம் என்று எடுத்துக்கொண்டார்கள். வாயாடிக்கு மஞ்சள் பட்டு போர்த்தினார்கள். பால் ஊற்றினார்கள். கோயில் வாசலிலேயே குழி வெட்டினார்கள். பட்டர் பரிவட்டத்தை எடுத்துவந்து அப்பா தலையில் கட்டினார். கட்டச் சொன்னவர் பெரியப்பா.

அம்மாவுக்குக் குஞ்சு ஞாபகம். "தாயும் போயிருச்சு, மரத்துல பாம்பு இருந்தா குஞ்சும் போயிரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த வெயிலில் ஏரிக்கரையோடு ஏறக்குறைய ஓடினாள். மரத்தடியில் நின்று கூப்பிட்டாள். கூட்டில் சத்தமில்லை. பயந்து அடங்கிக் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். கோழி ஈரலை நறுக்கி, ஊமையன் எடுத்துக்கொடுக்கட்டும் என்று மொட்டைமாடிச் சுவரில் வைத்தாள். நாங்கள் இங்கே வெறுங்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் குஞ்சு அங்கே கோயில் சாரத்தில், மூடாத கூடையில், மாசி வெயிலில் கிடந்தது.

ஆண்டி அப்பாவிடம் போய்க் காதோடு கேட்டிருக்கிறார். "அண்ணா, குஞ்ச எறக்கிட்டு வரட்டா?"

அப்பா சுற்றிலும் பார்த்திருக்கிறார். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, காலடியில் ஊர். சாரத்தில் ஒரு ஆள் ஏறினால் அத்தனை கண்ணும் அங்கே திரும்பும். "கூட்டம் கலையட்டும்" என்றார்.

கூட்டம் எங்கே கலைந்தது? அன்னதானம் பந்தி பந்தியாக நடந்தது. போனில் பரவிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். ஆண்டி மறுபடியும் வந்தார். "கத்தற சத்தம் கொறைஞ்சிருச்சுண்ணா." அப்பா அதற்கும் அதையேதான் சொன்னார். பிறகு மைக்கில் எல்லாருக்கும் நன்றி சொன்னார். நன்றாகப் பேசினாராம்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆண்டி கூடையோடு கொட்டாய்க்கு வந்தார். யாருக்கும் தெரியாமல் கூட்டில் வைத்துவிடலாம் என்று வந்தவர், மரத்தடியில் அம்மா நிற்பதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா துண்டை விலக்கினாள். வாய் பிளந்தபடி இருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டாள். தண்ணீர் வழிந்தது. அது வெயிலின் சூடு, உயிரின் சூடு இல்லை என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆண்டி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா அவரைத் திட்டவில்லை. "தலையில காயம் அப்படியே கெடக்குது பாரு, மருந்து போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மண்வெட்டியை எடுத்து மரத்தடியில் குழி தோண்டினாள். என்னைத் தொடவிடவில்லை.

அப்பா மாலையோடு வந்தார். வாசலில் புது மண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அம்மா சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான். அப்புறம் வேண்டியதையெல்லாம் போனில் என்னிடம் சொல்வாள், "உங்கப்பன்கிட்ட மாட்டுத் தீவனம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்று. அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார். நான் பாப்பாரப்பட்டியிலிருந்து அவருக்குப் போன் போட்டுத் தீவனம் முடிந்துவிட்டது என்பேன்.

ஊமையன் உடனே போகவில்லை. வழக்கம்போல ஏரியில் மீன் பிடித்து வந்து கூட்டில் வைத்தான். எடுக்க ஆளில்லை. மறுநாளும் வைத்தான். மீன் நாறி, எறும்பு மொய்த்து, கிளையிலிருந்து வாசலில் விழுந்தது. பேசவே பேசாதவன் அப்போதுதான் கத்தத் தொடங்கினான். அப்பா வேலைக்குப் போகாமல் கயிற்றுக்கட்டிலை மரத்தடியில் போட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் ஊமையனும் இல்லை.

இளம்பரிதி வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அவரக் கேளுங்க" என்றாள். அப்பா வெளியே வந்தார். அன்றைக்காவது சொல்லுவார் என்று அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு நின்றாளாம். "மரத்துல யாரும் ஏறலீங்க சார். எல்லாம் தெய்வச் செயல்" என்றார் அப்பா. இளம்பரிதி மரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள்.

கோயில் வாசலில் சமாதி எழும்பியது. பெரியப்பா செலவில் கிரானைட் போட்டு, சிறகு விரித்த கருடன் சிலை. விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்பா தெருவில் போனால் பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டி ஆசீர்வாதம் கேட்கிறார்கள். அப்பா உடம்பு பாதியாகிவிட்டது. விரதம் இருக்கிறார் என்கிறார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள் மண்டல பூஜைக்கு அம்மாவோடு நானும் போனேன். மறுபடி மேடை, மறுபடி மைக், மறுபடி கூட்டம். தீபாராதனை நேரத்தில் எல்லார் தலையும் தானாக வானத்தைப் பார்த்தது. வெறும் வானம். கசமுசாவென்று பேச்சு எழுந்தது. பெரியப்பா அப்பாவின் தோளில் கை போட்டார். பன்னிரண்டு வருஷக் கேலியைக் கருடனோடு சேர்த்துப் புதைத்துவிட்டார் அந்த மனுஷன்.

"வீரமணி, நீ ஒரு வார்த்த கூப்புடு. உஞ் சொல்லுக்கு வரும்" என்று மைக்கைக் கொடுத்தார்.

அப்பா மைக்கை வாங்கிக்கொண்டு நின்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வராதுங்க" என்றார் அப்பா. "குஞ்ச மரத்துலருந்து எடுத்தாந்து சாரத்துல கட்டிவெச்சேன். நான்தான் வெச்சேன். அதத் தேடித்தான் தாயி சுத்துச்சு. குஞ்சும் வெயில்ல செத்துப்போச்சு. ரெண்டையும் நான்தான் கொன்னேன். இங்க சாமியும் வரல, ஒண்ணும் வரல."

மைக் கிரீச்சிட்டது. கூட்டம் மேடையையே பார்த்தது. அடிக்கட்டும், உதைக்கட்டும், கேஸ் போடட்டும், இவர் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

பெரியப்பா முகம் ஒரு கணம் வெளுத்தது. கிரானைட் சமாதியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை மெல்ல அப்பா கையிலிருந்து எடுத்தார். "பாத்தீங்களா?" என்றார். "குஞ்சோட சேத்து ரெண்டு உசுரு பெருமாளுக்குப் போயிருக்குது. பெத்த புள்ள மாதிரி வளத்தவன் துக்கம் தாங்காம பழிய எல்லாம் தன் தலையில போட்டுக்கறான். இந்த மனசு யாருக்கு வரும்?" யாரோ கோவிந்தா என்றார்கள். உடனே எல்லாரும் கோவிந்தா என்றார்கள். தவில் முழங்கியது. "இல்லீங்க, இல்லீங்க" என்று அப்பா கையை ஆட்டினார். அதையும் கும்பிட்டார்கள்.

அவர் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்து நின்றார். சின்னப் பிள்ளை போல முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன் மாது. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அம்மா தலை நிமிர்ந்தாள். அத்தனை நாளும் என் வழியாகவே பேசியவள், முதல்முறையாக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"கேட்டுச்சுங்க. இத அன்னைக்கு மத்தியானம் சொல்லியிருந்தா குஞ்சாவது பொழச்சிருக்கும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு பெண் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.